முழங்கால் நோவும் ஒரு பிள்ளையின் ஓட்டமும்



ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயதுப் பெண்களுக்கு விளையாட்டு மைதானம் நினைவுக்கு வருவதில்லை. "ஷெல்லுக்கு ஓடினது", "வன்னிக்கு ஓடினது", "காம்புக்கு ஓடினது" என்றுதான் நாங்கள் பேசிப் பழகியிருக்கிறோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் அச்சுவேலியும் வெறுமையானது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த வீதிகளில் இன்று எங்கள் பெண்பிள்ளைகள் வேறு காரணத்துக்காக ஓடுகிறார்கள். தை, மாசி மாதங்களில் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுனர் போட்டி நடக்கும். அதற்கு முன்பாக மரதன் ஓட்டம் வரும். விடியப்புறம் வீதிக்கரையால் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஆனால் அப்படி ஓடத் தொடங்கும் பிள்ளைகளில் சிலர் சில கிழமைகளிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். வீட்டில், "இனி ஓட வேண்டாம்" என்று சொல்லிவிடுவோம். அத்தோடு அந்தப் பிள்ளையின் விளையாட்டு முடிந்துவிடும். அப்படி முடிய வேண்டியதில்லை என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வளர்க்கும் பிள்ளை என் அக்காவின் மகள். 2009 இல் வன்னியில் அக்கா இறந்த பிறகு, செட்டிகுளம் முகாமிலிருந்து கைக்குழந்தையாக என்னிடம் வந்தவள். அக்காவும் பள்ளிக்கூடக் காலத்தில் ஓடியவள். அவள் பெற்ற சான்றிதழ்களில் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. பிள்ளைக்குத் தாயின் முகம் படத்தில்தான் தெரியும். ஆனால் ஓட்டம் எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. 1500 மீற்றர் அவளுக்கு விருப்பமான போட்டி. அதிகம் பேசாத பிள்ளை, ஓடிவிட்டு வரும் நாட்களில் மட்டும் வாய் திறந்து கதைப்பாள்.

அவளுக்கு 16 வயதாக இருந்தபோது, மரதனுக்குப் பழகிக்கொண்டிருந்த மார்கழி மாதத்தில்தான் நோவு தொடங்கியது. வலது முழங்காலின் வெளிப்பக்கம். "சித்தி, முதல் கொஞ்சத் தூரம் ஒண்டுமில்லை. பத்து நிமிஷம் ஓடினாப் பிறகு வெளிப்பக்கத்தில கத்தி வைச்ச மாதிரிக் குத்துது. நிண்டா நோகேல்லை" என்றாள். வீக்கம் இல்லை. விழுந்ததும் இல்லை. ஒரு கிழமை கழிய, படி இறங்கும்போதும் நோவு வந்தது.

அப்போதுதான் ஆளுக்கொரு கதை வந்தது. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்? நாளைக்குக் கலியாணம் கட்டிக் குடுக்கிற பிள்ளை, காலைக் கெடுத்துப்போட்டு நிக்கப் போறாள்" என்றார் மாமி. அயலில் ஒருவர், எண்ணெய் போட்டு அந்த இடத்தை நன்றாக அழுத்தி உருவச் சொன்னார். இன்னொருவர் நோக்குளிசையைப் போட்டுக்கொண்டு ஓடச் சொன்னார். எல்லோரும் அன்போடு சொன்னவர்கள்தான். ஆனால் நோவின் காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும்? அச்சுவேலி பிரதேச வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். அங்கிருந்து கடிதம் தந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள்.

நோவு எங்கிருந்து வருகிறது?

இயன்மருத்துவப் பகுதியில் இருந்த பெண் பிள்ளையைப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்திக்கொண்டு காலை மெல்ல நீட்டச் சொன்னார். கால் நேராக வரச் சற்று முன்பு, ஏறக்குறைய 30 பாகை மடிந்திருக்கும் நிலையில் பிள்ளை "ஆ" என்றாள். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நேராக நின்றாள். வலது காலில் நின்றபோது இடுப்பின் மறுபக்கம் கீழே சரிந்தது.

"தங்கச்சி, முழங்கால் பாவம். இடுப்பு செய்யாத வேலையை அது செய்யுது" என்றார் அவர். பிறகு ஒரு படத்தைக் காட்டி எனக்கும் விளங்கப்படுத்தினார்.

எங்கள் தொடையின் வெளிப்பக்கமாக, இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு வரை ஒரு தடித்த நார்ப்பட்டி இறங்குகிறது. அதை ஐ.ரி. பான்ட் என்று சொல்கிறார்கள். அதன் மேல்முனையில் இடுப்பின் தசைகள் பிடித்திருக்கின்றன. ஓடும்போது ஒவ்வொரு முறையும் பாதம் நிலத்தில் படும் நேரத்தில் முழங்கால் ஏறக்குறைய அந்த 30 பாகை அளவில்தான் மடிந்திருக்கும். அப்போது பட்டி, முழங்காலின் வெளி எலும்போடு இறுகுகிறது. ஒரு நாளில் சில ஆயிரம் அடிகள் ஓடினால் சில ஆயிரம் தடவை இறுகும். உடம்பு பழகுமுன் தூரத்தைக் கூட்டினால் அந்த இடம் புண்பட்டு நோகத் தொடங்கும்.

முன்பு இதை, பட்டி எலும்பின் மேல் முன்னும் பின்னுமாக உரசுவதால் வரும் நோவு என்றே கருதினார்கள். 1975 இல் அமெரிக்க மரைன் படையில் பயிற்சி பெற்ற வீரர்களிடம் இந்த நோவைக் கண்ட வைத்தியர் ரென் அப்படித்தான் எழுதினார். 2006 இல் வெளியான உடற்கூற்று ஆய்வு ஒன்று வேறு விதமாகக் காட்டியது. பட்டி தொடை எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருப்பதால் அப்படி வழுக்கி ஓட இடமில்லை. அதன் கீழே நரம்புகள் நிறைந்த மெல்லிய கொழுப்புப் படை இருக்கிறது. அது நசுங்குவதால்தான் நோவு வருகிறது என்பது அந்த விளக்கம். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு விடயம் தெளிவானது. ஏற்கெனவே நசுங்கி நோகும் இடத்தை எண்ணெய் போட்டு இன்னும் அழுத்தினால் எப்படிச் சுகம் வரும்? தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் இதமாக உருவிவிடலாம். நோகும் எலும்பு முனையை அழுத்தக்கூடாது.

ஏன் வலது கால் மட்டும்?

அவர் பிள்ளையிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் ஓட்டத்தைப் பற்றியவை. எவ்வளவு தூரம்? எப்போது கூட்டினாய்? எந்தப் பாதை? சப்பாத்தைக் காட்டு, பார்ப்போம்.

மரதன் கிட்ட வருகிறது என்று இரண்டு கிழமைக்குள் தூரத்தை இருமடங்காக்கியிருந்தாள். அது முதற் காரணம். இரண்டாவது காரணம் வீதி. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார்வீதியை நடுவில் உயர்த்தி இரு கரையும் சரிவாகப் போடுவார்கள். வாகனத்துக்கு எதிர்முகமாக ஓட வேண்டும் என்பது சரியான பழக்கம். அப்படி ஓடினால் எப்போதும் வீதியின் வலது கரை வரும். வலது பாதம் எப்போதும் பள்ளத்தில் படும். அந்தக் காலின் வெளிப்பட்டிதான் கூடுதலாக இழுபடும். எங்கள் யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. இறக்கத்தில் ஓடி முழங்காலைக் கெடுக்க வழியில்லை. ஆனால் வீதிக்கரையின் சிறு சரிவே அந்த வேலையைச் செய்துவிடும். சப்பாத்தின் குதியும் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இடுப்புத் தசையின் பலவீனம். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியவிடாமல் பிடிக்கும் தசை அது. ஓட்டம் என்பதே ஒற்றைக் காலிலிருந்து மற்ற ஒற்றைக் காலுக்குத் தாவுவதுதானே. அந்தத் தசை களைத்தால் இடுப்பு சரியும், முழங்கால் உள்ளே திரும்பும், வெளிப்பட்டி இறுகும். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இந்த நோவுள்ள 24 ஓட்டக்காரர்களை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நோகும் பக்கத்து இடுப்புத் தசை அவர்களிடம் பலம் குறைந்திருந்தது. அதைப் பலப்படுத்தும் பயிற்சியை 6 கிழமைகள் செய்த பிறகு 22 பேர் நோவின்றி ஓடத் தொடங்கினார்கள்.  இந்தச் செய்திதான் எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

நாங்கள் செய்தவை

முதலில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். "நிப்பாட்டச் சொல்லேல்லை, ஒத்தி வைக்கச் சொல்லுறன்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் திருத்தினார். நோவு தராத வேலைகள் செய்யலாம். சமதரையில் நடக்கலாம். சைக்கிள் ஓடினால் நோகிறதா என்று பார்க்க வேண்டும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அதே 30 பாகையைக் கடக்கும். சீற் உயரமாக இருந்தால் கால் அதிகம் நீண்டு நோவு கூடும். பிள்ளையின் சைக்கிள் சீற்றைச் சற்றுப் பதித்தோம். பள்ளிக்கூடம் போய்வரக் கரைச்சல் இருக்கவில்லை.

நோ கூடிய முதல் நாட்களில், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தோம். தோலில் நேரே வைக்கக்கூடாது. நோக்குளிசை வைத்தியர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும். குளிசை போட்டு நோவை மறைத்துக்கொண்டு ஓடுவது மிகக் கெட்ட பழக்கம். நோவு என்பது உடம்பு சொல்லும் செய்தி. அதை வாயடைத்துவிட்டால் புண் பெருக்கும். வெறும் வயிற்றில் போடும் சில குளிசைகள் குடலையும் கெடுக்கும்.

பிறகு பயிற்சிகள். எல்லாவற்றையும் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்தே செய்தாள்.

முதலாவது, நோகாத பக்கமாகச் சரிந்து படுத்து, மேலே இருக்கும் காலை நேராக நீட்டி, சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய், மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவது. முதுகைச் சுவரோடு வைத்து, குதிக்கால் சுவரில் தடவிச் செல்லுமாறு உயர்த்தினால் பிழை வராது. 10 தடவை வீதம் 3 சுற்றில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கூட்டி 20, 30 என்று போக வேண்டும்.

இரண்டாவது, அதே சரிவில் இரண்டு முழங்காலையும் மடித்து, பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பதுபோல் திறந்து மூடுவது. இடுப்பு பின்னால் உருளக்கூடாது.

மூன்றாவது, நிமிர்ந்து படுத்து முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி 5 எண்ணும்வரை பிடித்து இறக்குவது.

நான்காவது வாசற்படியில். ஒரு காலில் படியின் ஓரத்தில் நின்று, மற்றக் காலைத் தொங்கவிட்டு, நிற்கும் முழங்காலை மடிக்காமல் இடுப்பை மட்டும் ஒருபக்கம் பதித்து மீண்டும் உயர்த்துவது. பார்க்கச் சின்ன வேலைபோல இருக்கும். 10 தடவை செய்தால் இடுப்பின் பக்கத்தசை எரியும். எரிய வேண்டியது அங்கேதான். முழங்கால் நொந்தால் நிறுத்த வேண்டும்.

கடைசியாக, கண்ணாடிக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று சிறிதளவு குந்தி எழும்புவது. முழங்கால் உள்ளே விழாமல் பாதத்தின் நேரே நிற்க வேண்டும். இதை மூன்றாம் கிழமைக்குப் பிறகுதான் தொடங்கினாள்.

இவற்றோடு, நோகும் காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, மறுபக்கம் சரிந்து 30 செக்கன் நிற்பது. நாளுக்கு 3 தடவை. அந்தப் பட்டி இலகுவில் நீளாத கடின நார் என்பதால் இழுப்புப் பயிற்சியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது, பலப்படுத்துவதே முக்கியம் என்று சொல்லித்தான் இதைக் காட்டினார்.

நான்கைந்து நாட்களில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கைவிடுவார்கள். மரதன் நடந்த நாளில் அவள் வீதியோரத்தில் நின்று தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "அம்மா ஓடினவ எண்டு எல்லாரும் சொல்லீனம். என்னால ஏலாமல் போச்சு" என்றாள். நான் பாயை விரித்து, "வா, இண்டைக்கு ரெண்டு பேரும் செய்வம்" என்று பக்கத்தில் படுத்தேன். எனக்குப் பத்துக்கூட வரவில்லை. சிரித்தாள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தையல் மெசினில் இருந்து இருந்து பிடித்துக்கொண்டிருந்த என் இடுப்புக்கும் அதனால் சுகம் கிடைத்தது.

திரும்பவும் ஓடுதல்

படி இறங்கும்போது நோவில்லை, ஒற்றைக் காலில் நிற்க இடுப்பு சரியவில்லை என்று கண்ட பிறகே ஓட விட்டார்கள். எங்களுக்கு அது ஐந்தாம் கிழமை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 10 தடவை. நோவு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நடந்து வீடு வரவேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்ற பேச்சு கிடையாது. நோவில்லாத கிழமையில் ஓட்டத்தைச் சிறிது கூட்டலாம்.

வீதிக்கரையை விட்டுச் சமமான மண் ஒழுங்கையிலும் மைதானத்திலும் ஓடினாள். மைதானத்தில் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றாமல், ஒருநாள் இடம், ஒருநாள் வலம் என்று மாற்றினாள். அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓடச் சொன்னார்கள். ஒரு கோட்டின் மேல் நடப்பதுபோல் பாதங்களைக் குறுக்கே வைக்காமல், சற்று அகட்டி வைக்கவும் சொன்னார்கள். இன்னொரு புதினமான விடயம்: மெதுவாக இழுத்து இழுத்து நெடுந்தூரம் ஓடுவதைவிட, சமதரையில் சிறு தூரங்களை வேகமாக ஓடுவது இந்த நோவுக்கு நல்லது. வேகமாக ஓடும்போது பாதம் படும் நேரத்தில் முழங்கால் கூடுதலாக மடிந்திருப்பதால், நசுங்கும் அந்த 30 பாகையில் அதிகம் நிற்பதில்லை.

ஒன்பதாம் கிழமையில் 1500 மீற்றர் தூரத்தை நோவின்றி ஓடி முடித்தாள். அதன் பிறகு நடந்த வலயப் போட்டியில் நான்காவதாக வந்தாள். மாகாணத்துக்குத் தெரிவாகவில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் காலைப் பிடிக்காமல், முகத்தைச் சுழிக்காமல் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது போதும். மாமியும் வந்திருந்தார். "பிள்ளை நல்லா ஓடுறாள்" என்று மட்டும் சொன்னார். பயிற்சிகளைக் கிழமையில் மூன்று நாட்கள் இன்றும் செய்கிறாள். விட்டுவிட்டால் நோவு திரும்பலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

எங்கள் முழங்கால்களுக்கும்

எல்லா முழங்கால் நோவும் இந்த நோவல்ல. முழங்கால் வீங்கினால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது வழுகி மடிந்தால், இரவில் நித்திரை குழம்பும்படி நொந்தால், காய்ச்சலோடு சூடாகச் சிவந்தால், எலும்பின் மேல் ஒரு புள்ளியில் கால் ஊன்ற முடியாமல் நொந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயது சென்றவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்வும் வேறு. அது பெரும்பாலும் முழங்காலின் உட்பக்கம் நோகும்.

எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. எந்த வைத்தியரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். ஒரு காலை இழந்த சகோதரிகளுக்கு மற்றக் காலின் முழங்காலும் இடுப்பும் கூடுதலாகப் பாரம் தாங்குகின்றன. செயற்கைக் காலின் குழி இறுகினாலோ தளர்ந்தாலோ அந்தப் பாரம் இன்னும் கூடும். 1987 இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் அதைக் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். படுத்துச் செய்யும் பயிற்சிகளில் உங்களுக்கு எவை பொருந்தும் என்று அங்கேயே கேளுங்கள்.

2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுனர் போட்டியில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மா, எழுபது வயதைக் கடந்த நிலையில் தங்கப் பதக்கங்கள் பெற்றார். முல்லைத்தீவு மண்ணில் வாழ்ந்த ஒரு பெண்ணால் அந்த வயதில் அது முடியுமென்றால், பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு முழங்கால் நோவுக்காக மூலையில் இருத்த எங்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பிள்ளை நோகிறது என்று சொன்னால் நம்புங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்தில் நோகிறது என்று கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் காட்டலாம். ஒன்றிரண்டு மாதம் பொறுமையாக இருக்கச் சொல்லிக் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் பாயை விரியுங்கள். எங்கள் காலத்தில் நாங்கள் உயிரைக் காக்க ஓடினோம். எங்கள் பிள்ளைகள் விருப்பத்துக்காக ஓடட்டும்.